வெள்ளிக்கிழமை பாலம் நிறைந்திருக்க வேண்டும்

மட்டாஞ்சேரியில் நான் சைக்கிளில் போவதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “மோளே, ஜோலிக்கோ எக்சர்சைஸினோ?” வேலைக்குப் போகிறாயா, உடற்பயிற்சிக்கா? ஓட்ட ஆரம்பித்த புதிதில் இந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. மொழி பிரச்சினை இல்லை, மலையாளம் இங்கே வந்த ஒரே மாதத்தில் காதில் ஏறிவிட்டது. கேள்விக்குள் இருந்த தராசுதான் பிடிபடவில்லை. எங்கள் போடியில் சைக்கிளில் போகிற பெண்ணிடம் “எங்கம்மா போற?” என்று கேட்பார்கள். எதற்காக மிதிக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சைக்கிள் என்றால் போவதற்கு, அவ்வளவுதான். இங்கே சைக்கிள்காரர்கள் இரண்டு சாதி. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட்டும் இறுக்கமான பளபள சட்டையுமாக ஃபோர்ட் கொச்சிப் பக்கம் கூட்டமாகப் போய், சாயா குடித்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறவர்கள் ஒரு சாதி. அவர்களுக்கு ஆட்டோக்காரர்கூடக் கையசைப்பார். மற்றவர்கள் வார நாட்களில், விளக்கில்லாத சைக்கிளில், டிபன் பாக்ஸை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு சாலையின் ஓரத்துக்கும் ஓரத்தில் போகிறவர்கள். வங்காளிகள், ஒடியாக்காரர்கள், நம்மவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஹாரன் மட்டும். எனக்குக் கேள்வி வருவதற்குக் காரணம், நான் எந்தச் சாதி என்று பார்த்தவுடன் தெரிவதில்லை. சுடிதார், கழுத்தில் ஆபீஸ் அட்டை, ஆனால் சைக்கிளோ துருப்பிடித்த கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிளஸ் ஒன் சேர்ந்ததும் கிடைத்த விலையில்லாச் சைக்கிள். பள்ளி மைதானத்தில் ஒரே நிறத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், எது யாருடையது என்று தெரியாமல் நாங்கள் பெல்லில் ரிப்பன் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டோம். கூடையின் முன்னால் கோபுரம் போட்ட அரசு முத்திரை. பாதி ஸ்டிக்கர் உரிந்தும் கோபுரம் மட்டும் இன்றுவரை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கல்லூரிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அது வீட்டில் சும்மா கிடந்தது. அப்போதுதான் என் அண்ணன் முத்துராஜுக்குக் கொச்சியில், வெலிங்டன் தீவில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர் வேலை கிடைத்தது. அறை மட்டாஞ்சேரியில், வேலை தீவில். விடிகிறபோதே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அந்த நேரத்துக்கு மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் கிடையாது. ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து கொச்சிக்குப் போய்வரும் மணி அண்ணனின் வேனில், மூட்டைகளுக்கு மேலே என் சைக்கிளைப் போட்டுக் கட்டி அனுப்பிவைத்தோம். “லேடீஸ் சைக்கிள் ஓட்டுற மாஸ்டர்னு சிரிக்கிறானுங்கடி” என்று அண்ணன் போனில் சொல்வான். “சிரிக்கட்டும், கம்பி இல்லாததால இறங்க ஏற நல்லாருக்கு.” அந்த ஆள் எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

நான் வேதியியல் முடித்ததும் இங்கே பஜார் ரோட்டில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கிடங்கின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அவன்தான். மிளகில் ஈரம் எவ்வளவு, ஏலக்காயில் சாயம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் பெண்கள் விடுதியில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வேலை முடிந்து அவன் அந்தச் சைக்கிளில் வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுவான். போன வருஷம் ஒரு நாள் விடியலில், தோப்பும்படியிலிருந்து தீவுக்குப் போகிற பாலத்தின் மேல், பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. லாரியா, பஸ்ஸா, எண் என்ன, எதுவும் இன்றுவரை தெரியாது. பாலத்தில் அந்த நேரத்தில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த இன்னொரு சைக்கிள்காரர்தான் ஆள் கூப்பிட்டார். அண்ணன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. “லைட் உண்டாயிருன்னில்லல்லோ.” சைக்கிளில் விளக்கு இல்லையே. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஸ்டேஷனில் சொன்னார்கள், என்னோடு வேலை செய்கிற படித்தவர்கள் பரிவோடு சொன்னார்கள். விளக்கு இல்லைதான். ஆனால் அந்தப் பாலத்தில் தெருவிளக்கு இருக்கிறது, வண்டிகளுக்கு முன்விளக்கு இருக்கிறது, ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு கண் இருக்கிறது. இத்தனை வெளிச்சத்திலும் ஒரு ஆள் தெரியவில்லை என்றால் அவன் சைக்கிளின் பின்னால் ஒட்டாத சிவப்புத் துண்டுதான் குற்றவாளியா? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் பல மாதம் வைத்திருந்தேன். ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த சைக்கிளைக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து, பின்சக்கரத்தை மாற்றி, ஓட்ட ஆரம்பித்தேன். முதல் நாளே நாசர் இக்காவின் சாயாக் கடை வாசலில் அந்தக் கேள்வி வந்தது: ஜோலிக்கோ, எக்சர்சைஸினோ? பஜார் ரோட்டில் எங்கள் கிடங்குக்கு எதிர்க்கடைக்காரர். அண்ணனுக்கும் பழக்கம். சைக்கிளைப் பார்த்து அடையாளம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சாயாவுக்குக் காசு வாங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஊரில் வருஷம் கும்பிடுகிற நாள் வந்தது. பஞ்சாங்கப்படி திதி பார்த்ததில், அவன் இறந்த ஆங்கிலத் தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பாகவே அது விழுந்துவிட்டது. நான் போடிக்குப் போனேன். படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் சொன்னாள்: “வருசம் கழிஞ்சுபோச்சு. இனி சொமக்கக் கூடாது. அந்தச் சைக்கிள எடைக்குப் போடு, இல்ல மணி வேன்ல ஏத்தி அனுப்பிச்சுரு. அதுல ஏறாத.” நான் தலையாட்டிவிட்டுக் கொச்சிக்கு வந்து இறங்கினால், இங்கே இன்னும் அந்தத் தேதி வரவில்லை. ஒரே அண்ணன், ஒரே சாவு. ஊரில் வருஷம் முடிந்தவன், இங்கே இன்னும் சில நாள் கழித்துத்தான் சாகப்போகிறான். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது. நம் பண்டிகை நாள் இங்கே வேலை நாள், இங்கத்து விடுமுறை நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் துக்கத்துக்கும் இரண்டு காலண்டர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சில நாளில்தான் திட்டம் போட்டேன். அண்ணன் பேரில் ஒரு சைக்கிள் ஓட்டம். அவன் போன வழியிலேயே, அவன் போன மாதிரி வேலை நாளில், வண்டி நெரிசலில். பஜார் ரோட்டில் கிளம்பி, தோப்பும்படி வழியாகப் பாலம் ஏறி, தீவில் அவன் வேலை செய்த ஓட்டலில் முடியும். நன்கொடை ரூபாயாக வேண்டாம். வருகிறவர்கள் ஆளுக்கொரு பின்விளக்கு கொண்டுவர வேண்டும். அது விளக்கில்லாமல் வேலைக்குப் போகிற ஒருவருடைய சைக்கிளில் மாட்டப்படும். “விளக்குத்தான் பிரச்சினைன்னு சொன்னவங்ககிட்ட நீயே விளக்கு வாங்குறியா?” என்று அண்ணனோடு வேலை செய்த தங்கராசு அண்ணன் கேட்டார். தென்காசிக்காரர், தீவில் அதே ஓட்டலில் இப்போதும் பரோட்டா போடுகிறவர். நியாயமான கேள்வி. “ஆமாண்ணே. விளக்கு மாட்டிட்டா அப்புறம் என்ன சாக்கு சொல்லுவாங்கன்னு பாக்கணும்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அப்ப நம்ம லைனுக்குப் பூரா நான் சொல்றேன்” என்றார். சொன்னார். ஒடியாக்காரப் பையன்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகளுக்கும் அவர்தான் இந்தியும் மலையாளமும் கலந்து சொல்லிவிட்டு வந்தார்.

விளக்குகள் நிறைய வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றின் தலைவரான ரோஹனிடம் போனேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல பையன், என் வயதுதான். உட்கார வைத்து முழுதாகக் கேட்டான். “ஐடியா சூப்பரா, சுபா. பக்ஷே வீக்டே ராவிலெ ஆ பாலம்... ரிஸ்காணு.” வார நாள் காலையில் அந்தப் பாலம் ஆபத்தாம், ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றான். கடற்கரைச் சாலை, ஒரே நிற டீ-சர்ட், பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், ஹெல்மெட் கட்டாயம். பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்று சைக்கிள்காரர்களுக்கு ஒரு வகுப்பும் எடுக்கலாம். எனக்குத் தலைக்குள் சுர்ரென்றது. “ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்களுக்கு லீவு கெடயாது, ரோஹன். ஹெல்மெட்டும் கெடயாது. உங்க ரூல்படி பாத்தா எங்க அண்ணனே இந்த ஓட்டத்துல கலந்துக்க முடியாது.” அவன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இத்தனை பேர் ஊர்வலமாகப் போக போலீஸ் அனுமதி வேண்டாமா என்றான். “ஊர்வலம் இல்ல. நாங்க வேலைக்குப் போறோம். எல்லாரும் ஒரே நேரத்துல போறோம். வேலைக்குப் போக எதுக்கு அனுமதி?” அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: “சத்யம் பறஞ்ஞா, வீக்டேல ஞான் ஆ பாலத்தில் ஓட்டியிட்டில்லா. பேடியா.” வார நாளில் அந்தப் பாலத்தில் அவன் ஓட்டியதே இல்லை, பயமாம். சைக்கிளுக்கு என் ஒரு வருஷச் சம்பளத்தைக் கொட்டினவனுக்குப் பயம். எங்கள் ஆட்கள் தினமும் போகிற பாலம். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாலத்தின்மேல் இருந்த கோபம் கூடிவிட்டது.

அண்ணன் இறந்த தேதி வியாழக்கிழமை வந்தது, ஓட்டமும் அன்றைக்குத்தான். புதன்கிழமை மாலை, பரிசோதனைக்கூடத்தைப் பூட்டிவிட்டு வெளியே வருகிறேன், பஜார் ரோடே ஒரு தினுசாகப் பரபரத்துக் கிடக்கிறது. மீன் வாங்குகிறார்கள், பெட்ரோல் அடிக்கிறார்கள். மறுநாள் ஹர்த்தால். ஏதோ ஒரு கட்சி எதற்கோ அழைத்திருந்தது. நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், கேரளத்தில் ஹர்த்தால் என்பது நாம் அறிந்த கடையடைப்பு இல்லை. அன்றைக்குச் சாலையே மூடிவிடும். பஸ் கிடையாது, லாரி கிடையாது, ஆட்டோ கிடையாது. பிள்ளைகள் நடுரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, இவற்றுக்கு மட்டும் வழிவிடுவார்கள். சைக்கிளை யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

நாசர் இக்கா என்னைப் பார்த்ததும் கடைக்குள்ளிருந்தே சத்தம் போட்டார்: “பாக்யாணு மோளே! நாளெ ரோடு முழுவன் நின்டெயா!” நாளைக்குச் சாலை முழுவதும் உன்னுடையது. ரோஹனிடமிருந்து போன் வந்தது, குரலில் துள்ளல்: பாலம் காலியாக இருக்கும், இனி ரிஸ்க்கே இல்லை, குழுவே வருகிறது. தங்கராசு அண்ணன்கூட, “நல்லதாப் போச்சு தங்கச்சி, நிம்மதியாப் போயிட்டு வரலாம்” என்றார். எல்லோரும் எனக்கு நல்லதைத்தான் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது ஆறவில்லை, சாயாக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். காலியான பாலத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அண்ணன் காலியான பாலத்தில் சாகவில்லை. ஆள் இல்லாத சாலையில், வண்டி இல்லாத நாளில், நாங்கள் விளக்கு மினுக்கிக்கொண்டு போய் யாருக்குக் காட்டப்போகிறோம்? கடலுக்கா, காக்காய்க்கா?

அந்த நேரத்தில் நாசர் இக்கா கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டது. தடித்த மலையாள எழுத்தில் ஒரே ஒரு சொல்: மரணம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுப்பார்கள். சாவுச் செய்தியை எழுதி அனுப்பினால்கூட வாசலுக்கு வெளியே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். ஒருத்தர் இன்னொருத்தர் கையில், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், “மரணம்” என்று எழுதிக் கொடுப்பதா? “என்ன இக்கா, வெளையாடுறீங்களா? நானே நொந்துபோய் உக்காந்திருக்கேன்!” என்று கத்தியே விட்டேன். அவர் திகைத்துப்போனார். அடுப்படியில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். “அய்யோ, எந்தா மோளே... இது பாஸல்லே!” பாஸ். அனுமதிச் சீட்டு. ஹர்த்தால் நாளில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் கார் கண்ணாடியில் இதை ஒட்டிக்கொண்டு போவார்களாம். இதைப் பார்த்தால் எந்தக் கட்சிக்காரனும் கயிறை அவிழ்த்து வழிவிடுவான். அவருடைய உம்மா, அதாவது அம்மா, இறந்தது ஒரு ஹர்த்தால் நாளில். அன்று எழுதியது. அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போய்த் திருப்பித் தந்து தந்து, அட்டை கடையிலேயே தங்கிவிட்டது. “ஒரு தைரியத்தினு வெச்சோ. ஆரும் தடயூலா.” ஒரு தைரியத்துக்கு வைத்துக்கொள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

நான் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த ஊரில் சாவுக்கு வழிவிடுவார்கள் என்றால், வருஷத்தில் சாலை மூடுகிற நாலு நாள் மட்டும் ஏன்? மற்ற நாளெல்லாம் அதே பாலத்தில் சாவு நடந்தாலும் ஹாரன்தானே அடிக்கிறார்கள்? “இக்கா, நாளைக்கு நான் போகல. வெள்ளிக்கிழமை போறேன். இது வெள்ளிக்கிழமைக்கு வேணும்” என்றேன். “வெள்ளியாழ்ச்ச ஹர்த்தால் இல்லல்லோ?” என்றார். “அதனாலதான்.”

தேதி தவறிப்போகுமே என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். தேதி நகரும் என்பதை அம்மாவின் பஞ்சாங்கம் எனக்கு ஏற்கெனவே காட்டிவிட்டது. அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு நினைவு நாள் இருக்கிறது. மூன்றாவது ஒன்று வந்தால் கெட்டுப்போகாது. பாலம்தான் நகராது. பாலம் நிறைந்திருக்க வேண்டும். ரோஹனிடமும் போனில் சொன்னேன். வியாழக்கிழமை அவன் குழு தனியாகப் போய் வந்தது. காலியான பாலத்தின் நடுவில் சைக்கிள்களைப் படுக்கப் போட்டு எடுத்த அழகான படங்கள் அனுப்பினார்கள், அதில் அண்ணன் பேர் எழுதிய ஒரு துணிப் பட்டையும் இருந்தது. நல்ல மனசுதான். நான் நன்றி என்று பதில் போட்டுவிட்டு, அன்று மாலை ஹர்த்தால் முடிந்து கடைகள் பாதிக் கதவு திறந்ததும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அட்டையைக் கொடுத்து, வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொன்று வேண்டும் என்று ஒரு கட்டுப் பிரதி கேட்டேன். இயந்திரத்தின் அருகே இருந்த சேச்சி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஹர்த்தால் கழிஞ்ஞில்லே? இத்ரயும் மரணமோ?” ஹர்த்தால் முடிந்துவிட்டதே, இத்தனை சாவா என்கிறார். “ஆமா சேச்சி. இன்னும் இருக்கு, இப்போதைக்கு இது போதும்.” அவர் இயந்திரத்தில் தாளை அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். சாயாக் கடை முன்னால் சைக்கிள்கள் சேர்ந்துவிட்டன. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், கறிக்கடைக்காரர்கள், லைன் வீட்டு ஒடியாக்காரர்கள், எங்கள் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற இருவர். எல்லோர் முதுகிலும் அல்லது கேரியரிலும் அந்தத் தாள். ஒருவர் கேட்டார், “தங்கச்சி, சாவுன்னு எளுதிக்கிட்டு வேலைக்குப் போனா மேஸ்திரி என்ன சொல்லுவான்?” தங்கராசு அண்ணன் பதில் சொன்னார்: “ஒனக்கு லீவு குடுத்துருவான்டா, சந்தோசமா இரு.” சிரிப்பு. கடைசி நேரத்தில் ரோஹன் வந்தான். பளபளச் சட்டை இல்லை. ஆபீஸ் சட்டை, முதுகில் ஆபீஸ் பை, கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பின்விளக்குகள். “ஜோலிக்கா போணே” என்றான் என்னைப் பார்க்காமல். வேலைக்குத்தான் போகிறானாம். நாசர் இக்கா அவன் பைமேலும் ஒரு தாளை ஊக்கு குத்தினார்.

தோப்பும்படி வரை பெரிதாக ஒன்றுமில்லை. பாலத்தின் ஏற்றத்தில்தான் வழக்கமான கூத்து தொடங்கியது. நேற்று அடைபட்டுக் கிடந்த வண்டியெல்லாம் சேர்த்துவைத்து ஓடுகிற மாதிரி வந்தன. எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஓரத்தில் ஒடுங்க ஆரம்பித்தார்கள், கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு. அண்ணன் விழுந்த இடம் அதுதான். நான் பின்னாலிருந்து கத்தினேன்: “நடுவுல வாங்க! நடுவுல!” தங்கராசு அண்ணன் முதலில் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு தடம் முழுவதும் எங்களுடையதாகிவிட்டது. கீழே தண்ணீர், தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள், பின்னால் ஒரு பிரைவேட் பஸ்ஸின் ஹாரன், காதுக்குள் ஆணி இறக்குகிற ஹாரன். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நகரவில்லை.

பஸ்ஸின் முன்வாசலில் தொங்கியபடி கண்டக்டர் கத்தினார்: “ஏய், சைடு தா! சைடு!” பிறகு தாள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஹாரன் நின்றது. பஸ் என் பக்கவாட்டுக்கு மூக்கை நீட்டியது. கண்டக்டரின் குரல் மாறிவிட்டது. “ஆரா மரிச்சே?” யார் இறந்தது?

“எங்க அண்ணன்.”

“எப்பழா?”

“போன வருஷம். இந்தப் பாலத்துலதான்.”

அவர் முகத்தில் இரக்கம் வந்த வேகத்தில் கலைந்துபோனது. ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருப்பார். “கழிஞ்ஞ கொல்லமோ! அதினு இன்னோ?” போன வருஷத்துச் சாவுக்கு இன்றைக்கா வழி?

“அன்னைக்கு யாரும் வண்டிய நிறுத்தல. அதனால இன்னைக்கு” என்றேன். தமிழில்தான் சொன்னேன். நிறுத்தல என்ற சொல் புரியாத கண்டக்டர் எந்த ஊரிலும் இல்லை.

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, “எடா, டைம் போயி!” என்று கத்தினார்கள். கண்டக்டர் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அவர் மனம் மாறியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் மறுபடி ஹாரன் அடிக்க ஆரம்பித்தார், பாலம் முடிகிறவரை அடித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் பின்னால் வந்தார். அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் கார்கள், ஸ்கூட்டர்கள், கொச்சியின் அவசரம் முழுவதும். எல்லாம் எங்கள் பெடல் வேகத்தில் பாலம் கடந்தன. முன்னால் ரோஹன் ஒரு கொத்தனாருக்கும் மூட்டைக்காரருக்கும் நடுவில் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகில் அந்தச் சொல் ஆடிக்கொண்டிருந்தது.

தீவில் ஓட்டல் வாசலில் பின்விளக்குகளை மாட்டினோம். தங்கராசு அண்ணன் கைகழுவிவிட்டு நேரே அடுப்புக்குப் போய்விட்டார். நேரமாகிவிட்டது, லாரிக்காரர்கள் காத்திருந்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீளமாக ஒன்றும் பேசவில்லை. “ஊர்ல முடிஞ்சதத் திருப்பியும் அங்க எதுக்குடி தொடங்குற?” என்றாள். “இங்க முடியலம்மா” என்றேன். அவள் மணி அண்ணனிடம் ஏதோ சொல்லி அனுப்பியிருப்பாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மணி அண்ணன் வேனோடு எங்கள் கிடங்குக்கு வந்தார். ஏலக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு, வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “அம்மா ஏத்திட்டு வரச் சொன்னுச்சு பாப்பா. வேனு காலியாத்தான் போகுது.” பிறகு கேரியரில் கட்டியிருந்த தாளைப் பார்த்தார். அதை நான் அவிழ்க்கவில்லை. “இதென்ன எளுதிருக்கு?” படித்துச் சொன்னேன். மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார். “இதக் கட்டிக்கிட்டா ஓட்டுற? கிறுக்குப் புடிச்சிருக்கா?”

“இந்த ஊர்ல இது வழி கேக்குற சீட்டுண்ணே.”

“குடுக்குறானுங்களா?”

“கேட்டா குடுக்குறானுங்க. கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

அவர் சைக்கிளைக் கட்ட எடுத்துவந்த கயிற்றை வேனுக்குள் எறிந்துவிட்டார். சைக்கிள் வராது என்று அம்மாவிடம் சொல்வது அவர் பாடு. தீவில் நான் ஒரு மிளகு சாம்பிள் கொடுக்க வேண்டியிருந்தது. வேன் கிளம்ப, நானும் பின்னாலேயே கிளம்பினேன். பாலம் ஏறும்போது அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பக்கக் கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. கூடைமேல் ஒட்டிய கோபுரத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது எதைப் படித்துக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியும். பாலத்தின் இறக்கத்தில் மணி அண்ணன் கையை வெளியே நீட்டி ஒருமுறை ஆட்டிவிட்டு, மலைப் பக்கம் போகிற சாலையைப் பிடிக்க வேகமெடுத்தார். நான் ஓரத்துக்குப் போகவில்லை. நடுவிலேயே மிதித்தேன்.